யூதர்களின் மறைநூல்களை வாசிப்பது எப்படி? தோரா முதல் தல்மூத் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் தமிழ் பைபிள் ஒன்று இருந்தால் யூத மறைநூலின் மூலப்பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்வதைத்தான் யூதர்கள் தனாக் என்கிறார்கள். ஆனால் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தவர், யூதர்கள் வாசிக்கும் மறைநூலை வாசித்துவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. யூத மரபில் மூலம் தனியாக நிற்பதே இல்லை. ஒரு வசனம் இருக்கும். அதன் மேல் ஒரு கேள்வி, கேள்விக்கு மூன்று பதில்கள், மூன்றையும் மறுக்கும் நான்காவது ஆள், இருநூறு ஆண்டு கழித்து வந்து அந்த நான்காவது ஆளுக்காக வாதாடும் ஒரு மாணவர் என்று அது வளர்ந்துகொண்டே போகும். விவாதத்தில் தோற்றவரின் கருத்தையும் அழிக்காமல் எழுதி வைத்திருப்பார்கள். எனவே எந்தப் பகுதியை எடுத்தாலும் மூலத்தோடு அதன் விவாதத்தையும் சேர்த்தே வாசிக்கும்படிதான் இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன். எபிரேய மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை, மத நம்பிக்கையும் கட்டாயமில்லை. பொறுமை மட்டும் கொஞ்சம் வேண்டும்.

படி 1: எந்த நூல் எங்கே இருக்கிறது?

தனாக் மூன்று பகுதிகள் கொண்டது. முதலாவது தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள். இரண்டாவது நெவீயீம் எனப்படும் தீர்க்கதரிசிகள். மூன்றாவது கெத்துவீம் என்ற எழுத்துகள். சங்கீதம், நீதிமொழிகள், யோபு எல்லாம் இதில் வரும். மூன்று பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் தனாக்.

யூதர்கள் கணக்கில் மொத்தம் 24 நூல்கள். புராட்டஸ்டண்டு பைபிளில் அதே உள்ளடக்கம் 39 நூல்களாக இருக்கும். கூட்டியதோ குறைத்ததோ எதுவும் இல்லை, பிரித்த விதம் வேறு. சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஆகியவை யூதர்களுக்கு ஒவ்வொரு நூல்தான். சிறிய தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரும் ஒரே நூல். எஸ்றாவும் நெகேமியாவும் சேர்ந்து ஒன்று.

வரிசை மாறுவதுதான் உண்மையில் முக்கியம். கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடு மல்கியாவில் முடிகிறது. எலியா மறுபடி வருவான் என்ற வாக்குறுதியோடு நின்று, அடுத்த பக்கத்தில் புதிய ஏற்பாட்டுக்கு வழிவிடுகிறது. இன்று புழங்கும் யூத வரிசையில் கடைசி நூல் நாளாகமம். பெர்சிய அரசன் கோரேசு, எருசலேமுக்குப் போக விரும்புகிறவன் போகட்டும் என்று ஆணையிடுவதோடு அது முடிகிறது. ஒன்று வரப்போகிறவரைப் பார்த்து நிற்கிறது, மற்றது ஊர் திரும்புவதைப் பற்றிப் பேசுகிறது. அதே நூல்களை அடுக்கி வைத்த வரிசையிலேயே இரண்டு மதங்களின் எதிர்பார்ப்பும் தெரிந்துவிடுகிறது. தானியேல் தீர்க்கதரிசிகளோடு இல்லாமல் எழுத்துகள் பகுதியில் இருப்பதையும் கவனியுங்கள்.

தனாக்குக்கு அப்புறம் வருவது வாய்மொழித் தோரா. சீனாய் மலையில் மோசே எழுதப்பட்ட சட்டத்தோடு அதற்கான விளக்கத்தையும் பெற்றார், அது தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வந்தது என்பது மரபான நம்பிக்கை. அது சுமார் கி.பி. 200இல் மிஷ்னாவாகத் தொகுக்கப்பட்டது. மிஷ்னா மீதான விவாதங்கள் சேர்ந்து இரண்டு தல்மூத்கள் உருவாயின. எருசலேம் தல்மூத் கி.பி. 400 வாக்கில் முடிந்தது. பாபிலோனியத் தல்மூத் 6ஆம் நூற்றாண்டு வாக்கில் உருப்பெற்றது. வெறுமனே தல்மூத் என்று யாராவது சொன்னால் பாபிலோனியத்தைத்தான் சொல்கிறார்கள்.

படி 2: கையில் என்ன வைத்துக்கொள்வது?

மூலத்துக்குத் தமிழ் பைபிள் போதும். பைபிள் சொசைட்டியின் பழைய மொழிபெயர்ப்பில் ஆதியாகமம், யாத்திராகமம் என்று இருக்கும்; கத்தோலிக்கர்களும் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் அவையே தொடக்கநூல், விடுதலைப் பயணம். நடை எளிதாக வேண்டுமென்றால் இரண்டாவது. எனக்கென்னவோ சங்கீதத்துக்கும் யோபுவுக்கும் பழைய மொழிபெயர்ப்பின் கனம்தான் பிடிக்கிறது.

கத்தோலிக்கப் பதிப்பில் தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக் போன்ற நூல்கள் கூடுதலாக இருக்கும். இவை யூதர்களின் தனாக்கில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஹனுக்கா பண்டிகையின் வரலாறு இருப்பது மக்கபேயர் நூல்களில்தான். யூதர்கள் ஆண்டுதோறும் விளக்கேற்றிக் கொண்டாடும் ஒரு நிகழ்வின் கதை அவர்களுடைய மறைநூலுக்குள் இல்லை!

வசன எண்கள் சில இடங்களில் ஒத்துப்போகாது. சங்கீதங்களின் தலைப்பையும் எபிரேயப் பதிப்பு வசனமாக எண்ணுவதால் பல சங்கீதங்களில் எண் ஒன்று தள்ளிப்போகும். யோவேல் நமக்கு மூன்று அதிகாரம், அவர்களுக்கு நான்கு. மல்கியா நமக்கு நான்கு, அவர்களுக்கு மூன்று. தேடிய வசனம் கிடைக்காவிட்டால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

கர்த்தர் அல்லது ஆண்டவர் என்று தமிழில் இருக்கும் இடங்களில் பெரும்பாலும் எபிரேயத்தில் நான்கு எழுத்துகளால் ஆன கடவுளின் பெயர் இருக்கும். அதை யூதர்கள் உச்சரிப்பதில்லை. வழிபாட்டில் அதோனாய் என்பார்கள், சாதாரணப் பேச்சில் ஹஷேம்.

மிஷ்னாவுக்கும் தல்மூத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் நம்ப வேண்டும். செஃபாரியா என்ற இணைய நூலகம் இலவசம். அதில் ஒரு வசனத்தைத் தொட்டால் அதற்கு எழுதப்பட்ட உரைகளும், அதை எடுத்தாளும் தல்மூத் பகுதிகளும் பக்கவாட்டில் வரிசையாக வந்து நிற்கும். முன்பு அலமாரி நிறையப் புத்தகம் வைத்துச் செய்த வேலை இது.

இன்னொன்று, பைபிளின் அடிக்குறிப்புகள் உங்களை அடிக்கடி புதிய ஏற்பாட்டுக்கு அழைத்துப் போகும். முதல் வாசிப்பில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படி 3: தோராவை வாரா வாரம் வாசியுங்கள்

தோராவை யூதர்கள் 54 பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பகுதி என்று ஓராண்டில் முடிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் பராஷா. ஆதியாகமத்துக்கு 12, யாத்திராகமத்துக்கு 11, லேவியராகமத்துக்கும் எண்ணாகமத்துக்கும் பத்துப் பத்து, உபாகமத்துக்கு 11. ஆண்டின் நீளம் மாறுவதால் சில வாரங்களில் இரண்டு பகுதிகள் சேர்ந்து வரும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும் சிம்ஹத் தோரா பண்டிகை அன்று சுழற்சி முடியும். நேபோ மலையிலிருந்து வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே நுழையாமலே மோசே இறந்துபோகும் அத்தியாயத்தை வாசித்து முடித்த கையோடு, அதே கொண்டாட்டத்திலேயே "ஆதியிலே" என்று மறுபடி தொடங்கிவிடுவார்கள்.

நீங்களும் இதே வேகத்தில் போகலாம். முதல் வாரம் ஆதியாகமம் 1:1 முதல் 6:8 வரை. இரண்டாவது வாரம் நோவா, 6:9 முதல் 11ஆம் அதிகாரம் முடிய. சிம்ஹத் தோரா வரும்வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே தொடங்குங்கள்.

வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். புரிந்ததைவிட உறுத்தியதை எழுதுங்கள். முதல் பகுதியிலேயே ஒன்று உறுத்தும். முதல் அதிகாரத்தில் செடிகொடி, மிருகங்கள் எல்லாம் வந்த பிறகு ஆணும் பெண்ணுமாக மனிதன் படைக்கப்படுகிறான். இரண்டாம் அதிகாரத்திலோ ஆண் முதலில் வருகிறான், மிருகங்கள் பிறகு, பெண் கடைசியில். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் வெல்ஹவுசன் உள்ளிட்டோர், பல காலத்து மூலங்களைப் பின்னி எழுதியதே தோரா என்ற கொள்கைக்கு வடிவம் கொடுத்தார்கள். இன்று பல்கலைக்கழகங்களில் விவரங்களில் சண்டை உண்டே தவிர, பல மூலங்கள் என்ற அடிப்படையைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். வைதீக யூதர்கள் ஏற்பதில்லை. ஆனால் இந்த முரண்கள் பழைய ரபிகளின், அதாவது யூத மத ஆசான்களின், கண்ணில் படாமல் போகவில்லை. அவர்கள் அவற்றைக் கதையாகவும் விளக்கமாகவும் நிரப்பினார்கள். அந்த நிரப்பலுக்கு மித்ராஷ் என்று பெயர்.

இந்தக் கட்டத்தில் ரஷி என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர். பிரான்சின் த்ருவா ஊர்க்காரர். தோராவுக்கு அவர் எழுதிய உரையைத் தொடாமல் ஒரு யூத மாணவரும் மேலே போவதில்லை. அச்சிட்ட தேதி குறிப்பிடப்பட்ட எபிரேய நூல்களில் மிகப் பழையது, 1475இல் தென் இத்தாலியில் வெளியான அவரது உரைதான். ஆதியாகமம் முதல் வசனத்துக்கு ரஷி எழுதும் உரை ஒரு புகாரோடு தொடங்குகிறது: இது சட்டநூல் என்றால் யாத்திராகமம் 12இல் வரும் முதல் கட்டளையிலிருந்தல்லவா தொடங்கியிருக்க வேண்டும், படைப்புக் கதை எதற்கு? உலகம் கடவுளுடையது, அவர் விரும்பியவருக்கு நிலத்தைக் கொடுப்பார் என்று காட்டத்தான் என்பது அவர் எடுத்துச்சொல்லும் பதில். இந்தப் பதில் இன்றைய அரசியலில் எப்படியெல்லாம் பயன்படுகிறது என்பது பெரிய கதை. நான் கவனிக்கச் சொல்வது கேள்வியை. மறைநூலைப் பார்த்து, நீ ஏன் இங்கே தொடங்குகிறாய் என்று கேட்பதைத்தான் உரையின் முதல் வேலையாக வைத்திருக்கிறார்.

மூலத்திலேயே இந்தக் குணம் இருக்கிறது. ஆதியாகமம் 18இல் சோதோம் நகரை அழிக்கப் போகும் கடவுளோடு ஆபிரகாம் பேரம் பேசுகிறார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று தொடங்கிப் பத்து வரை இறக்குகிறார். எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள், மகன் இல்லாத எங்கள் தகப்பனின் சொத்து ஏன் எங்களுக்கு வரக்கூடாது என்று மோசேயிடம் வழக்குக் கொண்டுவருகிறார்கள். மோசேக்கு விடை தெரியவில்லை. கடவுளிடம் கேட்கிறார். அவர்கள் சொல்வது சரி என்று பதில் வருகிறது, சட்டம் மாறுகிறது.

பெரும்பாலோர் சோர்ந்துபோவது யாத்திராகமம் 25க்கு மேல். ஆசரிப்புக் கூடாரத்தின் முழ அளவுகள், திரைச்சீலை, வளையம், கொக்கி. அடுத்து லேவியராகமம் முழுக்கப் பலிகள். இங்கே நிறுத்திவிடாதீர்கள். லேவியராகமம் 19ஐ முதலில் படித்துவிட்டுப் பிறகு திரும்பிவந்து மற்றதைப் படியுங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடு, கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே, குருடன் வழியில் தடை வைக்காதே, உன்னைப்போல் பிறனையும் நேசி, எல்லாம் அந்த ஒரே அதிகாரத்தில் இருக்கிறது. பலிச் சட்டங்களுக்கு நடுவே இது எப்படி வந்தது என்று யோசித்தால், சடங்கும் சமூக நீதியும் அவர்களுக்குத் தனித்தனி அலமாரியில் இல்லை என்பது புரியும். தோராவில் மொத்தம் 613 கட்டளைகள் என்று தல்மூத் சொல்லும் கணக்கில் இரண்டும் சேர்ந்தேதான் எண்ணப்படுகின்றன. செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365.

படி 4: தீர்க்கதரிசிகளும் எழுத்துகளும்

இங்கே வரிசையாகப் போக வேண்டியதில்லை. சாமுவேலில் தொடங்குங்கள். இரண்டாம் சாமுவேல் 11, 12 அதிகாரங்களில் தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவள் கணவனைப் போர்முனையில் சாகவிடுகிறார். நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் கதையைச் சொல்ல, அவனுக்குத் தண்டனை கொடுக்க வேண்டும் என்று அரசர் கொதிக்கிறார். "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான். தம் மாபெரும் அரசனின் குற்றத்தைத் தம் மறைநூலிலேயே இவ்வளவு விவரமாக எழுதி வைத்த சமூகம் அது.

அடுத்து ஆமோஸ், ஏசாயா, யோனா. எழுத்துகள் பகுதியில் யோபுவையும் பிரசங்கியையும் தவறவிடாதீர்கள். நல்லவனுக்கு ஏன் துன்பம் என்று யோபு கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான். எல்லாம் மாயை என்கிறான் பிரசங்கி. இவை மறைநூலுக்குள் இடம் பிடித்ததே ஆச்சரியம். பிரசங்கியையும் உன்னதப்பாட்டையும் சேர்ப்பதில் தகராறு இருந்ததை மிஷ்னாவே பதிவு செய்திருக்கிறது. எல்லா எழுத்துகளும் பரிசுத்தம், உன்னதப்பாட்டோ பரிசுத்தத்திலும் பரிசுத்தம் என்று ரபி அக்கிவா அடித்துச் சொன்னதும் அங்கேதான் இருக்கிறது.

ஐந்து சிறு நூல்களை அவற்றுக்குரிய நாளில் படித்தால் சுவை கூடும். பஸ்காவுக்கு உன்னதப்பாட்டு, அறுவடைப் பண்டிகையான ஷவுவோத்துக்கு ரூத், ஆலயம் அழிந்த துக்கநாளுக்குப் புலம்பல், கூடாரப் பண்டிகைக்குப் பிரசங்கி, பூரீமுக்கு எஸ்தர். எபிரேய எஸ்தர் நூலில் கடவுளின் பெயர் ஒரு முறைகூட வராது.

படி 5: இந்த எழுத்து எப்படி நம் கைக்கு வந்தது?

இதை வாசிப்புக்கு நடுவில் ஒரு வாரம் ஒதுக்கித் தெரிந்துகொள்வது நல்லது. நேற்று அச்சடித்ததுபோல் நினைத்துப் படிக்கிறவருக்குப் பாதி மரியாதை குறைந்துபோகும்.

ஜெபாலயத்தில் வாசிக்கும் தோரா இன்றும் கையால் எழுதிய தோல்சுருள்தான். சோஃபேர் எனப்படும் எழுத்தர் இறகு அல்லது நாணல் பேனாவால் 3,04,805 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவார். முடிக்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஒரு எழுத்து சிதைந்தாலும் திருத்தும்வரை அந்தச் சுருளை வழிபாட்டில் வாசிக்கக் கூடாது. சுருளில் உயிர்க்குறிகள் இருக்காது, வெறும் மெய்யெழுத்துகள்தான். வாசிப்பவர் உச்சரிப்பையும் ராகத்தையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தவறினால் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அங்கேயே உரக்கத் திருத்துவார்கள். கொஞ்சம் கடுமையான சபைதான்.

அந்த உச்சரிப்பையும் ராகத்தையும் குறிகளாக எழுதி வைத்தவர்கள் மசோரெட்டுகள். 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, முக்கியமாகக் கலிலேயாவின் திபேரியாவில் வேலை செய்தார்கள். அவர்கள் மரபில் வந்த அலெப்போ ஏட்டுக்கு வயது ஆயிரத்துக்கு மேல். சிரியாவின் அலெப்போ நகரில் 1947இல் நடந்த கலவரத்தில் சேதமானது, இப்போது எருசலேமில் இருக்கிறது. முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய எபிரேயத் தனாக், 1008இல் எழுதி இன்று லெனின்கிராடு ஏடு என்று அழைக்கப்படுவது.

அதே 1947 வாக்கில்தான் சாக்கடலோரம் கும்ரான் குகைகளில் சுருள்கள் கிடைக்கத் தொடங்கின. அவற்றில் சில கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. எஸ்தர் தவிர எபிரேயத் தனாக்கின் எல்லா நூல்களிலிருந்தும் துண்டுகளாவது கிடைத்துவிட்டன. ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஏசாயா சுருளை மசோரெட் பாடத்தோடு ஒப்பிட்டால் எழுத்துக்கூட்டலிலும் சொற்களிலும் ஏராளமான சிறு வேறுபாடுகள் உண்டு, நூல் என்னவோ அதேதான். வேறு சில சுருள்களில் பெரிய வேறுபாடுகளே இருக்கின்றன. ஒரு காலத்தில் பல பாடங்கள் பக்கத்துப் பக்கமாகப் புழங்கின என்று அதிலிருந்துதான் தெரிந்தது. அதைவிடப் பழைய சான்று வேண்டுமென்றால், 1979இல் எருசலேமின் கெதெஃப் ஹின்னோம் கல்லறைகளில் கிடைத்த இரண்டு சிறு வெள்ளிச் சுருள்கள். எண்ணாகமம் 6இல் வரும் "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து" என்ற ஆசியின் வடிவம் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.மு. 600.

படி 6: மிஷ்னாவில் ஒரே ஒரு பத்தி

மிஷ்னாவை ரபி யூதா ஹநாசி தொகுத்தார். ஆறு பெரும் பிரிவுகள், 63 நூல்கள். விவசாயம், பண்டிகை, திருமணம், நட்ட ஈடு, பலி, தீட்டு என்று வாழ்க்கை முழுக்க விரியும். பலர் முதலில் பிர்க்கே அவோத் என்ற நீதிநூலைப் பரிந்துரைப்பார்கள். நல்ல நூல்தான், ஆனால் அது மிஷ்னாவின் வழக்கமான குரல் இல்லை. முதல் நூலான பெராக்கோத்தின் முதல் பத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் ஷெமா ஓதுவதை எப்போதிலிருந்து தொடங்கலாம் என்பதுதான் கேள்வி. ஷெமா என்பது "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் உபாகமம் 6:4. ஆசாரியர்கள் தங்கள் காணிக்கை உணவை உண்ணப் போகும் நேரத்திலிருந்து என்று பதில் வருகிறது. இதைத் தொகுத்தபோது ரோமானியர் ஆலயத்தை அழித்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, கி.பி. 70இலேயே அது போய்விட்டது. இருந்தும் நேரத்தை அந்த ஆசாரியர்களை வைத்தே சொல்கிறார்கள். சரி, எதுவரை ஓதலாம்? முதல் ஜாமம் முடியும்வரை என்கிறார் ரபி எலியேசர். நள்ளிரவு வரை என்கிறார்கள் அறிஞர்கள். விடியும்வரை என்கிறார் ரபான் கமாலியேல். உடனே ஒரு கதை: கமாலியேலின் பிள்ளைகள் விருந்து முடிந்து நேரங்கழித்து வீடு வந்து, நாங்கள் இன்னும் ஷெமா ஓதவில்லை என்கிறார்கள். விடியவில்லை என்றால் இப்போதும் ஓதக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்கிறார் தகப்பன். அறிஞர்கள் நள்ளிரவு என்று சொன்னதெல்லாம் மனிதனைத் தவறிலிருந்து தூர நிறுத்தத்தான் என்ற விளக்கத்தோடு பத்தி முடிகிறது.

எது சட்டம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மூன்று பதில்களையும் பெயரோடு வைத்திருக்கிறார்கள். சிறுபான்மைக் கருத்தை ஏன் எழுதி வைக்க வேண்டும் என்ற கேள்வியையும் மிஷ்னாவே வேறோரிடத்தில், எதுயோத் நூலில் கேட்டுக்கொள்கிறது. பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அதை ஏற்று முடிவை மாற்ற நேரலாம் என்பது அங்கே சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

படி 7: தல்மூத் பக்கத்தைத் திறப்பது

முதலில் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். நடுவில் ஒரு பத்தியாக மிஷ்னாவும் அதன்மீதான கெமரா விவாதமும் இருக்கும். தைக்கும் ஓரத்துப் பக்கம் ரஷியின் உரை. வெளிப்பக்கம் தோசஃபோத், அதாவது ரஷியின் பேரர்களும் அவர்கள் மாணவர்களும் ரஷியையே மறுத்து எழுதிய குறிப்புகள். பரிமேலழகரும் அவரை மறுப்பவர்களும் ஒரே தாளில் குறளைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. இந்த அமைப்பை நிலைநிறுத்தியது 1520களில் வெனிஸில் முழுத் தல்மூத்தையும் அச்சிட்ட தானியேல் பொம்பெர்க். அவர் யூதர் இல்லை, கிறிஸ்தவ அச்சகக்காரர். இன்றும் உலகம் முழுக்க அவர் போட்ட தாள் எண்ணைத்தான் சொல்கிறார்கள். ஏறக்குறைய எல்லா நூல்களும் இரண்டாம் தாளில்தான் தொடங்கும், முதல் தாள் தலைப்புக்கு.

முதன்முதலில் படிக்க பாபா மெட்சியா 59ஆம் தாளைச் சொல்வேன். அக்னாய் அடுப்புக் கதை அங்கே இருக்கிறது. ஒரு வகை அடுப்பு தீட்டாகுமா ஆகாதா என்று விவாதம். ரபி எலியேசர் ஆகாது என்கிறார், மற்ற எல்லோரும் ஆகும் என்கிறார்கள். நான் சொல்வது சரியென்றால் இந்த மரம் நிரூபிக்கட்டும் என்கிறார் அவர். மரம் வேரோடு பெயர்ந்து தள்ளிப்போய் நிற்கிறது. மரத்தை வைத்து நிரூபிக்க முடியாது என்கிறார்கள். நீரோடை பின்னோக்கி ஓடுகிறது. கல்விக்கூடத்துச் சுவர்கள் சாய்கின்றன. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வந்து எலியேசர் பக்கம் பேசுகிறது. ரபி யோசுவா எழுந்து நின்று உபாகமம் 30இலிருந்து ஒரு சொற்றொடரை எடுத்துப் போடுகிறார்: அது வானத்தில் இல்லை. தோராவை எங்களிடம் கொடுத்தாகிவிட்டது, இனி பெரும்பான்மைதான் முடிவு செய்யும் என்று பொருள். அப்போது கடவுள் என்ன செய்தார்? சிரித்து, என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள் என்றார் என்கிறது தல்மூத்.

பொதுவாக இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து அடுத்த பத்திகளையும் படியுங்கள். தோற்ற எலியேசரைச் சபையிலிருந்து விலக்கி வைக்கிறார்கள். அவர் அழுகிறார், பயிர்கள் கருகுகின்றன. விலக்கிவைத்த தலைவர் கமாலியேல், எலியேசரின் மனைவிக்கு அண்ணனோ தம்பியோ ஆனவர், கடைசியில் இறந்துபோகிறார். இந்தக் கதை முழுக்கத் தல்மூத்தில் இருப்பது, பிறரைச் சொல்லால் புண்படுத்துவது பற்றிய விவாதத்துக்குள். பெரும்பான்மைக்கு முடிவெடுக்கும் உரிமை உண்டு, தோற்றவரை அவமதிக்கும் உரிமை இல்லை என்று அந்த இடமே சொல்கிறது.

படி 8: ஒரு வசனத்தைச் சமையலறை வரை பின்தொடருங்கள்

எல்லா அடுக்கும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பார்க்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. வெள்ளாட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்ற வசனம் தோராவில் மூன்று இடங்களில் வருகிறது: யாத்திராகமம் 23:19, 34:26, உபாகமம் 14:21. மூலத்தில் இருப்பது அவ்வளவுதான்.

மிஷ்னாவின் ஹுலீன் நூல், எட்டாம் அதிகாரத்துக்குப் போங்கள். எந்த இறைச்சியையும் பாலோடு சமைக்கக் கூடாது, மீனும் வெட்டுக்கிளியும் விலக்கு என்று விரிகிறது. கோழி? கோழிக்குத் தாய்ப்பால் ஏது என்று கேட்டு அதை விலக்குகிறார் கலிலேயாவின் ரபி யோசே. அவருடைய ஊரில் கோழியைப் பாலோடு சாப்பிட்டார்கள் என்று தல்மூத்தும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் நிலைத்தது மற்றவர்கள் கருத்துதான். அப்புறம் தல்மூத், மூன்று முறை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டு, சமைக்க ஒன்று, சாப்பிட ஒன்று, அதனால் ஆதாயம் அடைய ஒன்று என்று மூன்று தடைகளாக்குகிறது.

அடுத்த நிறுத்தம் ஷுல்ஹான் அருக். ஜோசப் காரோ கலிலேயாவின் சஃபேதில் எழுதி முடித்து 1565இல் வெனிஸில் அச்சான சட்டத் தொகுப்பு. அவர் ஸ்பெயின் வழி மரபைப் பின்பற்றியதால், போலந்தின் க்ராகோவைச் சேர்ந்த மோசே இஸ்ஸர்லெஸ் மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வழக்கங்களை மேற்குறிப்பாகச் சேர்த்தார். இங்கே இறைச்சி சாப்பிட்ட பின் பால் சாப்பிட எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது வரை வந்துவிடுகிறது. பெரும்பாலோர் ஆறு மணி நேரம், ஜெர்மானிய யூதர்கள் மூன்று, டச்சு யூதர்கள் ஒன்று. கடைசி நிறுத்தம், இன்று ஒரு வைதீக யூத வீட்டுச் சமையலறை. பாலுக்கு ஒரு தொகுதிப் பாத்திரம், இறைச்சிக்கு வேறு தொகுதி, வசதி இருந்தால் இரண்டு கழுவுதொட்டி.

இதே முறையில் "கண்ணுக்குக் கண்" என்ற யாத்திராகமம் 21:24ஐயும் தொடருங்கள். பாபா கம்மா 83, 84ஆம் தாள்களில் அது பணமாகத் தரும் நட்ட ஈடாக மாறிவிடுகிறது. காயம், வலி, மருத்துவம், வேலையிழப்பு, அவமானம் என்று ஐந்து தலைப்புகளில் கணக்கிடச் சொல்கிறார்கள். பழிவாங்கும் மதம் என்று யூத மதத்தைப் பேசுகிறவர்கள் இந்தத் தாள்களைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

படி 9: மைமோனிதிஸ், சோஹார்

மைமோனிதிஸ் 1138இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து 1204இல் இறந்தவர். தல்மூத்தின் சட்டங்களை 14 நூல்களாக, விவாதத்தை வெட்டிவிட்டு முடிவுகளை மட்டும் எழுதினார். தெளிவுக்கு நிகரில்லை. ஆனால் யார் சொன்னது என்று எழுதாமல் விட்டதற்காகவே வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்று அவருடைய நூலைச் சுற்றியும் பக்கம் நிறைய உரைகள், விவாதங்கள்!

13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வெளிவந்த மறைஞான நூலான சோஹாரைத் தொடக்கத்தில் தொட வேண்டாம். தோரா நன்றாகத் தெரிந்தவர்களுக்கே அது பிடிபடும்.

படி 10: தாக்கத்தைத் தேடும்போது இரண்டு பக்கமும் பாருங்கள்

குர்ஆனில் அதிகம் பெயர் சொல்லப்படும் மனிதர் மூஸா நபி, அதாவது மோசே. அதன் 12ஆம் அத்தியாயமான யூசுஃப், ஆதியாகமத்து யோசேப்பின் கதையை வேறு அழுத்தங்களோடு சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். பட்டயங்களை, அதாவது வாள்களை, கலப்பைக் கொழுக்களாக அடிப்பார்கள் என்ற ஏசாயா 2:4, 1959இல் சோவியத் ஒன்றியம் கொடுத்த வெண்கலச் சிலையாக நியூயார்க்கில் ஐநா தோட்டத்தில் நிற்கிறது. நாத்திக அரசு, தீர்க்கதரிசியின் வாசகம்! மார்ட்டின் லூதர் கிங் 1963 வாஷிங்டன் பேரணி உரையில் எடுத்தாண்டது, நீதி தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்ற ஆமோஸ் 5:24ஐ.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் அடிமைகள் யாத்திராகமத்தைத் தங்கள் கதையாகப் பாடினார்கள். அடிமை எஜமானர்களோ ஆதியாகமம் 9இல் நோவா இட்ட சாபத்தைக் காட்டி அடிமைமுறையை நியாயப்படுத்தினார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக 1807இல் லண்டனில் ஒரு சுருக்கப் பைபிள் அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலை பெறும் பகுதியை அதில் காணோம். புத்தகத்தின் பலத்தை அதை வெட்டியவர்கள்தான் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். தல்மூத்துக்கு நடந்தது இன்னும் நேரடியானது. 1242இல் பாரிஸில் வண்டி வண்டியாக எரித்தார்கள். 1553இல் ரோமில் மறுபடியும்.

நமக்குப் பக்கத்திலேயே பார்க்க வேண்டியது கொச்சி. சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. காலம் ஏறக்குறைய கி.பி. 1000. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேல் போய்விட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் தனாக் கதைகளையும் மித்ராஷ் கதைகளையும் மலையாளப் பாட்டுகளாக நோட்டுகளில் எழுதி வைத்துத் தலைமுறையாகப் பாடிவந்தார்கள். தோரா வாசிப்பில் ஆண்கள் மட்டுமே முன்னால் நின்ற சமூகத்தில், உரை சொல்லும் வேலையைப் பெண்கள் தங்கள் மொழியில் செய்துகொண்டார்கள் என்றே அதைப் பார்க்கிறேன்.

படி 11: வேகமும் துணையும்

தோரா ஓராண்டு, கூடவே மாதம் ஒரு தீர்க்கதரிசி நூல், அடுத்த ஆண்டில் மிஷ்னாவின் பெராக்கோத். இதற்கு மேல் அவசரப்பட வேண்டாம். தனியாகப் படிக்காமல் இன்னொருவரோடு படியுங்கள். யூதர்கள் இதை ஹவ்ருதா என்பார்கள். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் மறுக்க வேண்டும். தலையாட்டிக்கொண்டே இருக்கும் நண்பர் இதற்கு உதவ மாட்டார்.

முழுத் தல்மூத்தையும் முடிக்க ஆசை இருந்தால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 1923இல் போலந்து ரபி மெயிர் ஷபீரோ தொடங்கி வைத்த தஃப் யோமி திட்டத்தில் உலகம் முழுக்க எல்லோரும் ஒரே நாளில் ஒரே தாளைப் படிக்கிறார்கள். மொத்தம் 2,711 நாள், ஏறக்குறைய ஏழரை ஆண்டு. ஜனவரி 5, 2020இல் தொடங்கிய பதினான்காவது சுற்று ஜூன் 7, 2027இல் முடிகிறது. மறுநாளே புதிய சுற்று, பெராக்கோத் இரண்டாம் தாளில், ஷெமா எப்போது ஓதலாம் என்ற கேள்வியோடு.